கோரினுக்குப் போட்ட பிரைமர்

டுவேன் வீட்டுக் கூடத்தில், கணப்படுப்புக்கு மேலே ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. கல்லைத் துளைத்து, சிமெண்ட் வைத்து இறுக்கிய கொக்கி. அதைச் சுற்றிச் சுவர் முழுக்க மான் தலைகள், எல்க் என்ற பெரிய மான்களின் தலைகள், ஒரு கரடித் தோல். கொக்கியில் மட்டும் எதுவும் இல்லை. டார்பி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது மலைக்கடாவுக்காக, வளைந்த கொம்புள்ள மலையாட்டுக்காகக் காத்திருக்கும் கொக்கி என்று.

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் நினைத்தவன் எல்லாம் மலைக்கடா சுட்டுவிட முடியாது. வருஷா வருஷம் அரசாங்கக் குலுக்கலில் பெயர் போட வேண்டும். பெயர் விழுந்தால் சீட்டு வரும். ஒரு சீட்டுக்கு ஒரு கடா. யார் பெயரில் சீட்டோ அவர்தான் சுட வேண்டும். பெயர் போட்டுப் போட்டே செத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். டுவேன் இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் பெயர் போடும்போது அவன் மனைவி கோரின் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உன் பேரையும் போடவா அம்மணி? கறி வெட்டுற கைக்கு ராசி இருக்கான்னு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே அவள் பெயரையும் சேர்த்தான்.

ஜூனில் முடிவு வந்தது. டுவேனுக்கு இல்லை. கோரினுக்கு விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் டுவேன் சாப்பிடவில்லை. மறுநாள் காலை காபியை வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவன் போல ஆரம்பித்தான்.

"இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. சீட்டு உன் பேர்ல இருக்கட்டும். சுடறது நான். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் இல்ல" என்றாள் கோரின்.

"என்னது?"

"எனக்கு விழுந்தது. நான் சுடறேன்."

வேட்டைக் கறி வெட்டிப் பொட்டலம் போடும் கடையில் அவளுக்குப் பதினெட்டு வருஷமாக வேலை. ஊரார் சுட்டதையெல்லாம் அவள் கைதான் தோலுரித்தது, எலும்பெடுத்தது, காகிதத்தில் சுற்றியது. அவள் பெயரில் ஒரு மான்குட்டிகூட அந்தக் கடைக்குள் வந்ததில்லை. வீட்டுக்குக் கறி வேண்டுமென்று ரெண்டு மூன்று தடவை மான் சுட்டிருக்கிறாள். ஆனால் ஊரில் யார் கேட்டாலும் டுவேன், தான் சுட்டதாகவே சொல்லிக்கொள்வான். அவளும் விட்டுவிடுவாள். கடா விஷயத்தில் மட்டும் விடவில்லை.

டுவேன் மறுபடி கேட்கவில்லை. வேறு வழி தேடினான்.

முதல் வழி, ஞாயிற்றுக்கிழமை மணல் குழி. ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டிய பள்ளத்தில்தான் எல்லோரும் சுட்டுப் பழகுவார்கள். டுவேன் தன்னுடைய பழைய துப்பாக்கியைக் கோரினுக்குக் கொடுத்தான். தன் புதுத் துப்பாக்கியும் அதே அளவு, ஏழு எம்.எம். மேக்னம். தோளில் குதிரை உதைக்கிற மாதிரி உதைக்கும்.

சுட்டுப் பழக்குவதில் ஒரு முறை உண்டு. மருந்தும் இல்லாமல், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் வெறும் கூட்டையும் குண்டையும் வைத்து ஒரு செத்த தோட்டா செய்வார்கள். பக்கத்தில் இருப்பவன் சுடுபவருக்குத் தெரியாமல் துப்பாக்கியில் போட்டுக் கொடுப்பான், ஒரு தடவை நிஜம், ஒரு தடவை செத்தது. செத்த தோட்டா வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். உதைக்குப் பயந்து சுடுபவர் கண்ணை மூடிக் குழாயைக் கீழே இழுத்தால் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நாலு தடவை செய்தால் பயம் போகும். தனியாகத்தான் செய்வார்கள். ஆள் கூட்டி வைத்துக்கொண்டு செய்ய மாட்டார்கள்.

டுவேன் ஆள் கூட்டினான். பியர் டப்பாக்களும் மடக்கு நாற்காலிகளுமாக ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முதல் நாள் 'டிக்' என்றதும் கோரினின் துப்பாக்கி முனை தண்ணீரில் முங்கியது போலக் கீழே போய் வந்தது.

"பாத்தீங்களாடா? வாத்து! தண்ணில தலையை விட்டு எடுக்குது!" என்றான் டுவேன்.

அவன் கூட்டாளி மெல் கைகொட்டி, "குவாக்!" என்றான். எல்லோரும் "குவாக்! குவாக்!" என்றார்கள்.

அதிலிருந்து கோரின் வாத்து ஆனாள். தபால் நிலையத்தில் குவாக். பெட்ரோல் போடும் இடத்தில் குவாக். கறிக்கடைக்கு எல்க் கொண்டுவருகிறவன்கூட ஜன்னலைத் தட்டி, "வாத்து இருக்கா?" என்று கேட்டான்.

கோரின் ஞாயிறு தவறாமல் போனாள். ஜூலையில் முனை கீழே போனது. ஆகஸ்டில் லேசாக ஆடியது. செப்டம்பரில் அதன்மேல் ஒரு பித்தளைக் கூட்டை நிறுத்தி வைத்தால்கூட விழாது போல இருந்தது. வேடிக்கை செத்துவிட்டதால் மடக்கு நாற்காலிகள் வருவது நின்றுபோயிற்று. டுவேன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தான்.

இரண்டாவது வழியை அவன் அக்டோபரில் கண்டுபிடித்தான். தன் கொட்டகையில், தோட்டா போடும் மேஜையில்.

டுவேன் வீட்டில் கடைத் தோட்டா நுழையாது. சுட்ட கூடுகளைக் கழுவி, புது பிரைமர் பதித்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி, எல்லாம் அவன் கையால்தான். அன்று மெல் முக்காலியில் உட்கார்ந்து உப்புக் கறி மென்றுகொண்டிருந்தான். டுவேன் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தான். இரண்டிலும் பிரைமர். ஒன்று மேக்னம், ஒன்று சாதா.

தோட்டாவின் பின்புறம் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு மூடி தெரியுமே, அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் தீ கக்கி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். ஏழு எம்.எம். மேக்னத்தின் கூடு பெரியது. மருந்து நிறைய, அதுவும் மெதுவாக எரிகிற ஜாதி. வெயில் காலத்தில் சாதா பிரைமரே பற்றவைத்துவிடும். நவம்பர் குளிரில் மருந்து விறைத்துக் கிடக்கும்போது நீளமான தீ வேண்டும். அதற்குத்தான் மேக்னம். இந்தப் பாடத்தை டார்பியில் எல்லோருக்கும் எடுத்தவனே டுவேன்தான். குளிருக்குச் சாதா பிரைமர் போட்டதற்காகச் சொந்தத் தம்பியையே ஊர் நடுவில் வைத்து நாறடித்தவன்.

அவன் பழைய துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய இருபது கூடுகளிலும் சாதா பிரைமரைப் பதித்தான்.

மெல் மெல்லுவதை நிறுத்தினான். "டேய், அது சாதாடா."

"கண்ணு தெரியுது எனக்கு."

"கோரினுக்கா? நீங்க போறது நவம்பர் கடைசில. கடா எல்லாம் அப்பத்தான் கீழ இறங்கும். பல்லு தந்தியடிக்கும் அந்தக் குளிர்ல."

"அதுக்குத்தான் நவம்பர்."

மெல் அவனையே பார்த்தான். டுவேன் பிரைமர் பதிக்கும் கருவியின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே பேசினான்.

"விசையை இழுப்பா. டிக்குங்கும். சத்தமே வராது, இல்ல லேட்டா வரும். எவ்வளவு பழகினாலும் நிஜக் கடா முன்னாடி டிக்குன்னா எந்த வாத்தும் தலையைத் தூக்கும். குண்டு எங்கயோ போகும். நான் பக்கத்துலயே என் துப்பாக்கியோட படுத்திருப்பேன். கடா ஓடப் பாக்குது, வேற என்ன பண்றது சொல்லு? வீணாப் போகக் கூடாதேன்னு நான் சுட்டேன். அவ சீட்டு, என் குண்டு."

"பொண்டாட்டியாச்சேடா."

"அதனாலதான் வெளில சொல்ல மாட்டா."

மெல் சிரித்தான். சிரித்தபின் ஒரு சந்தேகம் கேட்டான். "பிரைமரைப் பாத்தா அவளுக்குத் தெரியாதா?"

"ரெண்டுமே வெள்ளி நிறம். கடைல பித்தளை நிற பிரைமர் ஒரு பெட்டி இருந்துச்சு, அதை வேணும்னே வாங்கலை. நிறம் மாறினா கேப்பா. கறி வெட்டுறவ, கண்ணு கூர்மை." டுவேன் அவளுக்குப் போட்டதைச் சிவப்புப் பெட்டியில் அடுக்கினான். பிறகு தன் துப்பாக்கிக்கு இருபது தோட்டா போட்டான், மேக்னம் பிரைமரோடு. அதைப் பச்சைப் பெட்டியில் வைத்தான். கூடு, குண்டு, மருந்து, நிறம் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். பெட்டிதான் வேறு.

"சிவப்பு உனக்கு மகாராணி. நம்ம வீட்டுலயே ஒசந்த சரக்கு" என்று அன்றே கோரினிடம் கொடுத்தான்.

அந்த ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. கோரின் சிவப்புப் பெட்டியிலிருந்து ஐந்து தோட்டா எடுத்து, மூன்றைச் சுட்டாள். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. பாக்கி இரண்டு தோட்டாக்கள் கோட்டுப் பையில் தங்கிவிட்டன. அது கடையின் குளிர் அறைக்குள் போகும்போது போட்டுக்கொள்ளும் தடித்த கோட்டு. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் குளிர் அறைக்குள்ளேயே, எல்க் தொடைகளுக்கு நடுவில், வழக்கமான ஆணியில் மாட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் கோட்டைப் போட்டபோது பையில் இரண்டு பனிக்கட்டிகள் கையில் பட்டன. வீட்டுக்குப் போகிற வழியில்தான் மணல் குழி. வண்டியில் துப்பாக்கி இருந்தது. தோட்டா உறைந்து கிடக்கும்போதே சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று இறங்கினாள்.

விசையை இழுத்தாள். டிக்.

செத்த தோட்டா என்றுதான் அவள் உடம்பு நினைத்தது. பழக்கத்தில் அசையாமல் கிடந்தாள். ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அப்புறம் டமார் என்று தோளில் உதைத்தது.

இரண்டாவதும் அப்படியே. டிக். ஒரு மூச்சு. டமார்.

கோரின் வெகுநேரம் அந்தக் கூட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். தாமதமாக வெடித்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் வாழ்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷம் சாப்பாட்டு மேஜையில் கேட்ட பாடம் அது. ஆனாலும் மனுஷன் கை தவறியிருக்கலாம், பெட்டியை மாற்றி எடுத்திருக்கலாம் என்று ஒரு பக்கம் நினைத்தாள். அதனால் மறுநாள் பச்சைப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டா, சிவப்பிலிருந்து ஒரு தோட்டா எடுத்து, இரண்டையும் அதே கோட்டுப் பையில் போட்டு, அதே ஆணியில் மாட்டினாள்.

அதற்கடுத்த நாள் சுட்டுப் பார்த்தாள். பச்சைப் பெட்டித் தோட்டா விசை இழுத்த அதே நொடியில் வெடித்தது. சிவப்பு, டிக் என்று சொல்லிவிட்டு யோசித்து வெடித்தது.

கை தவறவில்லை. தனக்குச் சரியானதைப் போட்டுக்கொண்டு, அவளுக்கு இதைப் போட்டிருக்கிறான்.

அவள் அழவில்லை. கடைக்குத் திரும்பிப் போய் ஒரு முழு மானை எலும்பெடுத்தாள். அன்றைக்கு அவள் வெட்டிய கறியில் ஒரு பிசிறுகூட இல்லை என்று முதலாளி பாராட்டினார்.

நவம்பர் கடைசி வாரம். புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் டுவேன் வண்டிச் சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கோரின் சாப்பாட்டு மேஜையில் சிவப்பையும் பச்சையையும் திறந்து வைத்தாள். அடுப்பில் எல்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. உள்ளே இருந்தவை மட்டும் வீடு மாறின. அப்புறம் எழுந்துபோய்க் கறிக்கு உப்புப் பார்த்தாள்.

டுவேன் வந்ததும் ஒரு கிண்ணம் கறிச்சாற்றைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு பெட்டியையும் வண்டிப் பின்னால போட்டுடு. ராத்திரி பூரா வெளில கிடக்கட்டும். சூட்டுல வெச்சு, குளிருக்கு எடுத்தா தோட்டா வியர்த்துப் போகும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். என் தோட்டாவுக்குக் குளிரெல்லாம் ஒரு பொருட்டா?"

"நீ சொன்னா சரி" என்றாள் கோரின்.

காலையில் வண்டிக் கண்ணாடியில் இருந்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து காட்டியது. மெல்லும் வந்தான், தன் பெரிய தொலைநோக்கியோடு. சாட்சி வேண்டுமென்று டுவேன்தான் கூப்பிட்டிருந்தான். மூன்று பேரும் முழங்கால் பனியில் மேடேறி, ஒரு பாறை விளிம்பில் வயிற்றால் ஊர்ந்து படுத்தார்கள்.

எதிர்ச் சரிவில் பெண்ணாடுகள் ஏழெட்டு. அவற்றுக்கு நடுவில் கடா. கொம்பு முழு வட்டம் சுற்றி, முனை தேய்ந்து, காலை வெயிலில் தேன் நிறத்தில் நின்றது. ஒரு பெண்ணாட்டின் பின்னால் மூக்கை நீட்டிக்கொண்டு வேறு எதையும் கவனிக்காமல் நடந்தது.

"ஆண்டவா" என்றான் மெல் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "டுவேன், இருபத்தாறு வருஷக் கடாடா இது."

"கோரின் கடா" என்றான் டுவேன். சொன்ன விதத்தில் மெல்லுக்குச் சிரிப்பு வந்தது. "சுடு அம்மணி. அவசரமில்ல. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவன் தன் துப்பாக்கியையும் பையின் மேல் சாய்த்து, அதன் மேலிருந்த குறிக்குழாயான ஸ்கோப்பில் கண் வைத்து, தயாராகப் படுத்தான். கோரின் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். தன் துப்பாக்கியின் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைத் தள்ளி மூடினாள். மூச்சை விட்டாள். விசையை இழுத்தாள்.

டிக்.

"அசையாதே!" என்றான் டுவேன் உடனே. அந்த வார்த்தை வாயில் காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வெடிக்காத தோட்டா! முனையைத் திருப்பாதே, போல்ட்டைத் திறக்காதே, அரை நிமிஷம் அப்படியே பிடி! ஐயோ, கடா போகுது பாரு, போகுது..."

கடா எங்கும் போகவில்லை. நின்ற இடத்தில் நின்று பனியைச் சுரண்டியது. அந்தத் துப்பாக்கிக்குள் தோட்டாவே இல்லை. வெறும் அறையை மூடித்தான் கோரின் விசையை இழுத்திருந்தாள். டுவேன் கேட்க ஆசைப்பட்ட 'டிக்'கைக் கேட்க வைத்தாள், அவ்வளவுதான்.

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே டுவேன் தன் விசையை இழுத்தான்.

டிக்.

என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோளை விலக்கித் தலையைத் தூக்கினான். துப்பாக்கி முனை முங்கி எழுந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே மருந்து பற்றிக்கொண்டது.

டமார்!

குண்டு எதிர்ச் சரிவில் எங்கோ மேலே, பாறையில் பட்டுத் தூள் பறந்தது. பிடி தளர்ந்த துப்பாக்கி பின்னால் பாய்ந்து, ஸ்கோப்பின் விளிம்பு டுவேனின் புருவத்தில் நச்சென்று இறங்கியது. அரை நிலா வடிவத்தில் தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

மலையில் சத்தம் உருண்டு அடங்கியது. மெல் யோசிக்காமல், ஜூலையிலிருந்து பழகிய வாயால், மெதுவாக ஒரு தரம் சொன்னான்:

"குவாக்."

கடா தலையைத் தூக்கிப் பாறைத் தூள் விழுந்த பக்கம் பார்த்தது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அதற்குப் புரியவில்லை. அகலமாக, விலா தெரிய நின்றது. கோரின் போல்ட்டை இழுத்து, ஒரு நிஜத் தோட்டாவை உள்ளே தள்ளினாள். விசை இழுத்த அதே நொடியில் வெடித்தது. கடா முன்னங்கால் மடங்கி, இரண்டு அடி சறுக்கி, பனியில் படுத்தது. அப்புறம் எழவில்லை.

டுவேன் ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு தன் போல்ட்டைத் திறந்தான். கூடு பனியில் விழுந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளி நிற பிரைமர். அதில் என்ன தெரியும்? தெரியக் கூடாதென்றுதானே தேடி வாங்கினான்.

"என் பெட்டில..." என்று ஆரம்பித்தான்.

"பெட்டி உன்னுதுதான்" என்றாள் கோரின். "உள்ள இருந்தது எனக்குப் போட்டது."

"அடிப்பாவி! என் கண்ணே போயிருக்கும்டி!"

"என் கண்ணு போனா பரவாயில்லையா? நம்ம வீட்டுலயே ஒசந்த சரக்குன்னு சொன்னியே." அவள் எழுந்து முழங்கால் பனியைத் தட்டினாள். "டிக்குன்னா அரை நிமிஷம் அசையக் கூடாது டுவேன். ஏன் அசைஞ்சே? ஊர் பூரா கூட்டி வெச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தியே, உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

மெல் தொலைநோக்கியை மடக்கி உறையில் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

கீழே இறங்கும்போது கறியை டுவேனும் மெல்லும் சுமந்தார்கள். கடாவின் தலையைக் கோரின் தன் முதுகில் கட்டிக்கொண்டாள். மெல் ஒரு தடவை, "கனமா இருக்கும் கோரின், நான் வேணா..." என்று கை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். டுவேனின் ரத்தம் வழியெல்லாம் பனியில் சொட்டிக்கொண்டே வந்தது. இரண்டு தடவை உட்கார்ந்தான். அவள் காத்திருக்கவில்லை.

சுட்ட கடாவின் கொம்பை இரண்டு நாளுக்குள் வேட்டைத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். அவர்கள் அளந்து, கொம்பில் துளை போட்டு, எண் பொறித்த ஒரு ஆணியை அடிப்பார்கள். அப்புறம்தான் அது சட்டப்படி உங்களுடையது. மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். டுவேனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து வண்டியை எடுத்தான். புருவத்தில் பிளாஸ்திரி, அதன் கீழே கண் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

பாதி தூரம் போனபின் ஆரம்பித்தான். "கொக்கில உன் கடாதான் தொங்கும் கோரின். நானே மாட்டுறேன். ஊரையே கூப்பிட்டு விருந்து வைப்போம்."

அவள் வெளியே பார்த்தாள்.

"உள்ள போனா எத்தனை குண்டுன்னு கேப்பாங்க. ஒண்ணுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். அடுத்தவ சீட்டுல நான் சுட்டேன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். துப்பாக்கி போயிடும். குலுக்கல்ல பேரே போட முடியாது. அப்புறம் நான் எதுக்கு உயிரோட இருக்கேன், சொல்லு?"

பின் சீட்டில் மெல் இருமினான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள் கோரின்.

அலுவலகத்தில் டோரன்ஸ் என்ற இளம் பெண் அதிகாரி இருந்தார். கொம்பைச் சுற்றி நாடா வைத்து அளந்து, வயதை எண்ணி, "அற்புதமான கடா. வாழ்த்துகள் கோரின். ரொம்ப நாளைக்கு அப்புறம் இந்த மேஜையில இப்படி ஒண்ணு வந்திருக்கு" என்றார். துளை போட்டு ஆணியை அடித்தார். சுத்தியைக் கீழே வைத்தபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எத்தனை குண்டு ஆச்சு?"

"ஒண்ணே ஒண்ணு மேடம்" என்றான் டுவேன் முந்திக்கொண்டு.

டோரன்ஸ் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிளாஸ்திரியின் இரு பக்கமும் வளைந்து வெளியே தெரிந்த வெட்டைப் பார்த்தார்.

"நெத்தியில என்ன?"

"பனில வழுக்கிட்டேன்."

"பனில வழுக்கினா அரை நிலா மாதிரியா வெட்டும்? எங்க அப்பாவுக்கும் இதே இடத்துல ஒண்ணு இருக்கு. அவரும் இருபது வருஷமா வழுக்கிட்டேன்னுதான் சொல்றாரு." டோரன்ஸ் சிரிக்கவில்லை. "இது புதுசு. உங்ககிட்ட இந்த வருஷம் கடா சீட்டு இல்ல. என்னத்தைச் சுட்டீங்க?"

டுவேன் மெல்லைப் பார்த்தான்.

"நான் பெண்ணாடு எண்ணிட்டிருந்தேன் மேடம்" என்றான் மெல். "ஒண்ணும் கவனிக்கலை."

அதிகாரி நாற்காலியைக் கோரின் பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்க. சீட்டு உங்களுது, கடா உங்களுது. உங்க மேல ஒரு குறையும் இல்ல. மலையில வேற யாராவது சுட்டாங்களா?"

அந்தக் கேள்வி டிக் என்று விழுந்தது.

டுவேன் மனைவி பக்கம் திரும்பினான். முப்பது வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "கண்ணு..." என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

கோரின் பதில் சொல்லவில்லை. அசையவும் இல்லை. மேஜை மேல் இருந்த கடாவின் கொம்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோரன்ஸ் காத்திருந்தார். மெல் தன் பூட்ஸைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் வட்டத்தில் பாதியைத் தாண்டியது. டுவேனின் வீங்காத கண் அவள் உதட்டிலேயே நின்றது. சொல்ல மாட்டாள் என்று ஒரு கணம் அந்தக் கண்ணில் நம்பிக்கை வந்தது.

கோரின் மூச்சை மெதுவாக வெளியே விட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டுவேன் கண்களை இறுக மூடிக்கொண்டான். தோள் குறுகி, தலை கீழே முங்கியது.

"டுவேன்தான் சுட்டான்" என்றாள் கோரின்.